அரபிக்கடலின் உயிர்வளிக் குறைவு: அளவீடுகளின் வரலாறும் இழப்பைத் தீர்மானிக்கும் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

கடல்நீரில் கரைந்துள்ள உயிர்வளியின் (ஆக்சிஜன்) அளவு உலகளவில் குறைந்துவருவதை அண்மைக்கால ஆய்வுகள் நிறுவியுள்ளன. எனினும், அரபிக்கடலின் நடு ஆழங்களில் உயிர்வளி குறைந்திருப்பது புதிய நிகழ்வன்று. அது மனிதச் செயற்பாடுகளுக்கு நெடுங்காலம் முற்பட்டது. தொன்மையான இக்குறைவிலிருந்து அண்மைக்கால இழப்பைப் பிரித்தறியக் கடந்த ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளின் கப்பல் அளவீடுகளே நேரடிச் சான்றுகளாக உள்ளன. அவ்வளவீடுகள் எவரால், எந்நோக்கத்துக்காக, எம்முறையில் எடுக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. பழைய எண்களை அவை பிறந்த சூழலோடு சேர்த்துப் படித்தாலன்றி, இழப்பு உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியாகக் கூற இயலாது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: அரபிக்கடல், கரைந்துள்ள உயிர்வளி, விங்க்லர் முறை, மபாஹிஸ், இந்தியப் பெருங்கடல் ஆய்வு, அறிவியல் வரலாறு

முன்னுரை

2017-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீல் நகரைச் சேர்ந்த ஷ்மிட்கோ, ஸ்ட்ரம்மா, விஸ்பெக் ஆகிய மூவரும் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டனர். 1960-க்குப் பின் ஐம்பது ஆண்டுகளில் உலகப் பெருங்கடல்கள் தம் மொத்த உயிர்வளியில் 2 விழுக்காட்டுக்கு மேல் இழந்துள்ளன என்பது அதன் சாரம். வெப்பமடைந்த நீர் குறைந்த அளவு வளியையே கரைத்து வைத்திருக்கும் என்பது இதற்கு ஒரு காரணம். ஆயினும் மொத்த இழப்பில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையே அது நேரடியாக விளக்குகிறது. மேற்பரப்பு நீர் ஆழத்துக்குள் இறங்கிக் கலப்பது தளர்ந்துபோனதும், ஆழ்நீரில் உயிர்வளி நுகரப்படும் முறை மாறியதும் எஞ்சிய பகுதிக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

2 விழுக்காடு என்பது உலகளாவிய கூட்டுத்தொகை. ஒரு குறிப்பிட்ட கடலில் என்ன நிகழ்ந்தது என்பதை அது கூறுவதில்லை. ‘இழப்பு’ என்னும் சொல்லுக்கு முன்னர் இருந்த ஓர் அளவும் இன்றுள்ள ஓர் அளவும் தேவை. இன்றைய அளவைக் கருவிகள் தருகின்றன. முந்தைய அளவை வரலாறே தரவேண்டும். எனவே கடலின் உயிர்வளி இழப்பு வேதியியல், இயற்பியல் ஆகிய துறைகளின் வினாவாக இருப்பதோடு ஆவணவியலின் வினாவாகவும் ஆகிறது. இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டும் களம் அரபிக்கடல் ஆகும்.

குறைவின் இயற்கைக் காரணங்கள்

வெப்ப மண்டலக் கடலின் மேற்பரப்பில், ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், ஒரு லிட்டர் நீரில் 4.5 மில்லிலிட்டர் அளவுக்கு உயிர்வளி கரைந்திருக்கும். அரபிக்கடலில் ஏறத்தாழ 150 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் கீழ்வரை பரவியுள்ள அடுக்கில் இவ்வளவு மிகவும் தாழ்கிறது. அவ்வடுக்கின் மையப்பகுதியில் அது சுழியை நெருங்குகிறது.

இதற்குப் புவியமைப்பு முதற்காரணம். பசிபிக், அட்லாண்டிக் பெருங்கடல்களைப்போல் இந்தியப் பெருங்கடல் வடக்கே குளிர்மண்டலம்வரை நீள்வதில்லை. ஆசிய நிலப்பரப்பு அதனைத் தடுத்துவிடுகிறது. ஆகவே வடக்கிலிருந்து குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த நீர் ஆழத்தில் இறங்கி வருவதற்கு வழியில்லை. தெற்கிலிருந்து நெடுந்தொலைவு கடந்து வரும் நீரோ வழியிலேயே தன் உயிர்வளியில் பெரும்பங்கை இழந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று இரண்டாம் காரணம். அக்காற்று சோமாலியா, ஓமன் கரைகளை ஒட்டி ஆழ்நீரை மேலெழச் செய்கிறது. அந்நீரின் ஊட்டச்சத்தால் தாவர மிதவையுயிரிகள் செழிக்கின்றன. அவை மடிந்து கீழிறங்கும்போது அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் எஞ்சிய உயிர்வளியையும் நுகர்ந்துவிடுகின்றன.

உயிர்வளி ஏறத்தாழ முற்றும் தீர்ந்த நிலையில் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டைப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. அதனால் கடலின் உரமாகிய நைட்ரேட் நைட்ரஜன் வளியாக மாறி வெளியேறுகிறது. இடைநிலையில் நைட்ரஸ் ஆக்சைடும் உருவாகிறது. இது கார்பன் டை ஆக்சைடைக் காட்டிலும் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டும் திறன் கொண்ட வளி. திறந்த கடலில் இம்மாற்றம் பேரளவில் நிகழும் மூன்று இடங்களுள் அரபிக்கடல் ஒன்று. மற்ற இரண்டும் கிழக்குப் பசிபிக்கில் உள்ளன. வங்காள விரிகுடாவிலும் உயிர்வளி குறைந்த அடுக்கு உண்டு. எனினும் அங்கு மிக நுண்ணிய அளவில் எஞ்சியிருக்கும் உயிர்வளியே நைட்ரேட் இழப்பைத் தடுத்து நிற்கிறது என 2017-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சுழிக்கும் சுழியை அடுத்த அளவுக்கும் இடையிலான வேறுபாடு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இவ்விரு கடல்களின் ஒப்பீடே சான்று.

இக்குறைவின் தொன்மையைக் கடலடி வண்டலும் உணர்த்துகிறது. உயிர்வளி உள்ள இடத்தில் புழுக்களும் பிற உயிரிகளும் வண்டலைக் கிளறிக் கலக்கின்றன. அது இல்லாத இடத்தில் வண்டல் மெல்லிய வரிகளாகக் கலையாமல் படிகிறது. பாகிஸ்தான் கரைக்கு அப்பால் எடுக்கப்பட்ட வண்டல் தூண்களை ஆராய்ந்து 1998-இல் வெளியான ஆய்வு, கடந்த 1,10,000 ஆண்டுகளில் வரிபடிந்த காலங்களும் கலங்கிய காலங்களும் மாறிமாறி வந்துள்ளதைக் காட்டியது. வெப்பக் காலங்களில் உயிர்வளி குறைந்தும் குளிர்க் காலங்களில் மிகுந்தும் இருந்திருக்கிறது. ஆகவே இக்குறைவு தொன்மையானது. ஆயினும் மாறாத ஒன்றன்று.

வேதியியல் அளவீட்டின் தோற்றம்

கடல்நீரில் கரைந்துள்ள வளிகளை உலகளாவிய நிலையில் அளக்க முற்பட்ட தொடக்கக்கால முயற்சிகளுள் 1872 முதல் 1876 வரை நிகழ்ந்த ‘சேலஞ்சர்’ கப்பல் பயணம் குறிப்பிடத்தக்கது. கப்பலின் வேதியியலாளர் புக்கானன் கடல்நீரைக் கொதிக்கவைத்து, வெளியேறிய வளிகளைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்தார். அவை பின்னர் டிட்மாரால் பகுத்தாராயப்பட்டு 1884-இல் அறிக்கையாயின. இம்முறை கடினமானது, ஒவ்வொரு மாதிரிக்கும் நெடுநேரம் தேவைப்பட்டது. எனவே எண்ணிக்கையில் மிகுந்த அளவீடுகளைத் தர அதனால் இயலவில்லை.

1888-இல் புடாபெஸ்ட்டைச் சேர்ந்த லாயோஸ் விங்க்லர் வெளியிட்ட முறை இந்நிலையை மாற்றியது. நீர் மாதிரியில் மாங்கனீசு உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்த்தால் வீழ்படிவு உண்டாகும். கரைந்துள்ள உயிர்வளி அவ்வீழ்படிவோடு சேர்ந்து அதனைப் பழுப்பாக்கும். பின்னர் அமிலம் சேர்த்தால் உயிர்வளியின் அளவுக்கு ஒத்த அயோடின் விடுபடும். அவ்வயோடினை ஸ்டார்ச் துணையோடு தயோசல்பேட்டால் தரம்பார்க்கும்போது, நீலநிறம் மறையும் கணமே அளவீட்டின் முடிவுப்புள்ளி. ஒரு பியூரெட்டும் சில புட்டிகளும் இருந்தால் ஆடும் கப்பலிலும் இதனைச் செய்யலாம். இருபதாம் நூற்றாண்டின் கடல் உயிர்வளித் தரவுகளில் பெரும்பகுதி இம்முறையாலேயே கிடைத்தது.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. நீலம் மறைவதைத் தீர்மானிப்பது மனிதக் கண். சேர்க்கப்படும் வேதிக்கரைசல்களிலும் சிறிதளவு உயிர்வளி கரைந்திருக்கும். மாதிரியைப் புட்டியில் நிரப்பும்போது காற்று கலந்துவிடக்கூடும். நீரில் நைட்ரைட் இருப்பின் அதுவும் அயோடினை விடுவித்து அளவை மிகுத்துக் காட்டும். லிட்டருக்கு 4 மில்லிலிட்டர் உள்ள நீரில் இப்பிழைகள் பொருட்படுத்தத் தக்கவையல்ல. 0.1 மில்லிலிட்டர் உள்ள நீரில் இவையே அளவீட்டை விழுங்கிவிடலாம். அரபிக்கடலின் நடு அடுக்கு இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

‘மபாஹிஸ்’ பயணம்

அரபிக்கடலின் உயிர்வளியை முறையாக ஆராய்ந்த முதற்பெரும் முயற்சி 1933–34-இல் நிகழ்ந்த ஜான் மரே ஆய்வுப் பயணம் ஆகும். ‘சேலஞ்சர்’ கப்பலில் பணியாற்றி அதன் அறிக்கைகளைப் பதிப்பித்த ஜான் மரே விட்டுச்சென்ற நிதி இதற்குப் பயன்பட்டது. அந்நிதியின் மூலம் கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கங்கள். உரமாகப் பயன்பட்ட பாஸ்பேட் ஈட்டித் தந்த செல்வத்தால் நடந்த ஆய்வு, பிற்காலத்தில் உரக்கழிவால் கடல் உயிர்வளி குன்றுகிறதா என்ற வினாவுக்குத் தொடக்கச் சான்றாக அமைந்தது எண்ணத்தக்கது.

கப்பல் எகிப்து அரசுக்குரிய ‘மபாஹிஸ்’. தலைமை ஏற்றவர் இந்திய விலங்கியல் அளவைத்துறையின் இயக்குநராக இருந்த சீமோர் சீவெல். எகிப்திய அறிவியலாளர்களான அப்துல் பத்தாஹ் முகமது, உசைன் பௌசி ஆகியோரும் அதில் பங்குபெற்றனர். கப்பல் 1933 செப்டம்பரில் அலெக்சாந்திரியாவிலிருந்து புறப்பட்டு 1934 மே மாதத்தில் திரும்பியது. அரேபியக் கரைக்கு அப்பாலும் ஓமன் வளைகுடாவிலும் சில நூறு மீட்டர் ஆழத்தில் வலை வீசியபோது உயிரினங்கள் ஏறத்தாழ அகப்படவில்லை. மேலே வந்த சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடின் நாற்றம் இருந்தது. நீரின் வேதிப்பகுப்பு அங்கு உயிர்வளி மிகக் குறைவாக இருந்ததைக் காட்டியது. உயிரற்ற கடலடியும் உயிர்வளியற்ற நீரும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது இப்பயணத்தால் புலப்பட்டது.

இந்தப் பயணம் விலங்கியல் நோக்கில் திட்டமிடப்பட்டது. அளவீட்டு நிலையங்கள் எண்ணிக்கையில் சில. கப்பல் ஒரே இடத்துக்கு ஒவ்வொரு பருவத்திலும் திரும்பிச் செல்லவில்லை. எனவே இத்தரவு குறைவு இருந்தது என்பதற்கு வலுவான சான்று. எவ்வளவு பரப்பில், எத்துணை மாதம் இருந்தது என்பதற்குச் சான்றாகாது.

மீன்வள நோக்கில் உயிர்வளி

இந்திய விடுதலைக்குப் பின் இவ்வினா கரைக்கு வந்தது. இழுவலை மீன்பிடிப்பை விரிவாக்க விரும்பிய காலம் அது. கண்டத்திட்டில் சில மாதங்களில் வலைகள் வெறுமையாக வருவது ஏன் என்பதை விளக்கவேண்டியிருந்தது. 1959-இல் கரதர்ஸ், கோகடே, நாயுடு, லேவாஸ்து ஆகியோர் பம்பாய்க்கு அப்பால் உயிர்வளி குறைந்த அடுக்கு சரிவேறிக் கரையை நோக்கி நகர்வதையும், மீன்வளத்தின்மீது அது செலுத்தும் தாக்கத்தையும் ‘நேச்சர்’ இதழில் சுட்டினர்.

அதே ஆண்டில் கார்ல் பான்சே இந்தியாவின் தென்மேற்குக் கரையில் நீர் மேலெழுதலுக்கும் அடிமட்ட இழுவலை மீன்பிடிப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். பருவக்காற்றுக் காலத்தில் ஆழ்நீர் கண்டத்திட்டின்மேல் ஏறும்போது அடிமட்ட மீன்கள் அவ்விடத்தை விட்டு அகல்கின்றன என்பதை அவர் விளக்கினார். இக்கட்டுரை வெளியான இந்தியக் கடல் உயிரியல் கழகத்தின் ஆய்விதழ் அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் முகாமிலிருந்து வெளிவந்தது. நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடமும் அங்கேயே இருந்தது. அரபிக்கடலின் உயிர்வளி வரலாற்றின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று தமிழகத்தின் பாக் நீரிணைக் கரையில் பதிப்பிக்கப்பட்டது என்பது பரவலாக நினைவுகூரப்படாத செய்தி.

இவ்வாய்வுகளின் வரலாற்று மதிப்பு பெரிது. இந்தியாவில் வேதியுரப் பயன்பாடு பெருகுவதற்கு முன்னரே, மேற்குக் கண்டத்திட்டில் பருவந்தோறும் உயிர்வளி குன்றியது என்பதற்கு இவை நேரடிச் சான்றுகள்.

பன்னாட்டு ஆய்வும் அதன் தரவும்

1960-களின் முற்பகுதியில் நிகழ்ந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம், பனிப்போரின் இருதரப்பு நாடுகளையும் ஒரே கடலில் ஒருங்கிணைத்தது. நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் பங்கேற்றன. இந்தியக் கடற்படையின் ‘கிஸ்த்னா’ ஆய்வுப் பணிக்கு ஒதுக்கப்பட்டது. இம்முயற்சியின் தொடர்ச்சியாக 1966 சனவரி 1-இல் தேசியக் கடலியல் நிறுவனம் உருவாயிற்று. திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு கிளாவுஸ் விர்ட்கி தொகுத்த கடலியல் வரைபட நூல் 1971-இல் வெளிவந்தது.

இத்தரவே இன்றைய ஒப்பீடுகளுக்குத் தொடக்கக் கோடாக அமைகிறது. ஆனால் அது பல நாடுகளின் பல ஆய்வகங்கள் தத்தம் கரைசல்களையும் கண்களையும் கொண்டு உருவாக்கிய தரவு. ஒரு கப்பலின் 0.2 மில்லிலிட்டரும் மற்றொரு கப்பலின் 0.1 மில்லிலிட்டரும் கடலின் வேறுபாட்டைக் குறிக்கின்றனவா, பகுப்பாய்வாளரின் வேறுபாட்டைக் குறிக்கின்றனவா என்பதை எண்ணைமட்டும் பார்த்து அறிய இயலாது.

இழப்பு என்னும் வினா

2000-ஆம் ஆண்டில் தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த நக்வியும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவைக் கூர்மையாக்கியது. கோடைப் பருவத்தின் இறுதியில் இந்திய மேற்குக் கண்டத்திட்டில் ஏறத்தாழ 1,80,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உயிர்வளி குறைந்த நீர் பரவுகிறது என அவர்கள் கண்டனர். 1999-இன் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சில இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடும் தோன்றியது. நைட்ரஸ் ஆக்சைடு மிக உயர்ந்த அளவில் திரண்டிருந்தது. முந்தைய பத்தாண்டுகளைவிட இந்நிலை தீவிரமடைந்துள்ளது என்றும், நிலத்திலிருந்து வரும் கூடுதல் நைட்ரஜன் அதற்குக் காரணமாகலாம் என்றும் அவர்கள் கருதினர்.

பருவந்தோறும் இக்குறைவு நிகழ்வதில் கருத்து வேறுபாடு இல்லை. அது தீவிரமடைந்துள்ளதா, ஆயின் அதற்கு மனிதச் செயற்பாடு எவ்வளவு காரணம் என்பதில் விவாதம் தொடர்கிறது. 1997 முதல் கோவாவின் கண்டோலிம் கரைக்கு அப்பால் ஒரே இடத்தில் தொடர்ந்து அளவெடுக்கப்படுவது இவ்விவாதத்துக்கு உறுதியான அடித்தளம் தருகிறது. எனினும் 1997-க்கு முந்தைய காலத்தை அத்தொடர் எட்டுவதில்லை.

திறந்த கடலைப் பொறுத்தவரை 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று முறையியல் நோக்கில் முன்மாதிரியானது. 1959 முதல் 2004 வரையிலான தரவுகளை மீளாய்வு செய்த அக்குழுவின் முதல் ஆசிரியர், 1959-இல் மேற்குக் கரை குறித்து எழுதிய அதே கார்ல் பான்சே. இணையாசிரியர்களுள் நக்வியும் ஒருவர். அவர்கள் பழைய எண்களை அப்படியே ஒப்பிடவில்லை. அளவீட்டு முறைகளையும் பருவங்களையும் வேறுபடுத்தி நோக்கினர். நைட்ரைட்டின் அளவையும் துணைச்சான்றாகக் கொண்டனர். கிடைத்த விடை ஒரேசீரானதன்று. போக்கு இடத்துக்கு இடமும் பருவத்துக்குப் பருவமும் வேறுபட்டது. உலகளாவிய கூட்டுத்தொகை தரும் எளிய சரிவுக்கோட்டை இக்கடலின்மீது அப்படியே பொருத்த இயலாது என்பதை இவ்விடை உணர்த்துகிறது.

2018-இல் பாஸ்தியன் கெஸ்ட் தலைமையிலான குழு, நீருள் தானே இயங்கும் கருவிகளைக் கொண்டு ஓமன் வளைகுடாவை ஆராய்ந்தது. பழைய அளவீடுகளோடு ஒப்பிடுகையில் அங்கு உயிர்வளி பெரிதும் குறைந்திருப்பதாக அக்குழு அறிவித்தது. கடற்கொள்ளையும் அரசியல் பூசல்களும் அப்பகுதியில் ஆய்வுக் கப்பல்கள் செல்வதைத் தடுத்திருந்தன. எந்த ஆண்டுகளில் மாற்றம் நிகழ்ந்திருக்கக்கூடுமோ அந்த ஆண்டுகளிலேயே சான்று மெலிந்திருக்கிறது.

சான்றுகளை எடையிடல்

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, அளவீட்டின் நுண்மைக்கும் வினாவின் நுண்மைக்கும் உள்ள இடைவெளி. நைட்ரேட் இழப்பு தொடங்குவதும் தொடங்காமையும் 0.1 மில்லிலிட்டருக்கும் மிகக் கீழான வேறுபாட்டைப் பொறுத்தது. பழைய தரவு ஏறத்தாழ அந்த இடத்தில்தான் குருடாகிறது. ஆகவே ‘1960-களிலும் ஏறத்தாழ சுழிதான், இன்றும் ஏறத்தாழ சுழிதான், எனவே மாற்றமில்லை’ என்னும் வாதம் பொருந்தாது. அதேபோல், பழைய 0.2-ஐயும் புதிய 0.02-ஐயும் வைத்துப் பத்து மடங்கு இழப்பு எனக் கூறுவதும் பொருந்தாது.

இரண்டாவது, நோக்கமே தரவின் வடிவைத் தீர்மானிக்கிறது. விலங்கியல் பயணம் ஆழத்தை நாடியது. மீன்வள ஆய்வு கரையையும் பருவத்தையும் நாடியது. பன்னாட்டுப் பயணம் பரப்பை நாடியது. இவற்றுள் எதுவும் இழப்பை அளப்பதற்காக மேற்கொள்ளப்பட்டதன்று. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் வினாவுக்கு விடையாக்கும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை.

மூன்றாவது, ‘இயற்கையானது’ என்னும் சொல்லின் பயன்பாடு. குறைவு இயற்கையானது என்பதிலிருந்து பொறுப்பு எவருக்கும் இல்லை என்னும் முடிவு பெறப்படாது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் கடலில் சிறிதளவு வெப்பமும் சிறிதளவு உரக்கழிவும் பெருவிளைவைத் தரலாம். குறைவு சில கிழமைகள் நீண்டாலும், உயிர்வளி குறைந்த அடுக்கு சில மீட்டர் உயர்ந்தாலும் மீன்கள் வாழும் நீர்ப்பரப்பு சுருங்குகிறது. கரையோர மீனவரைப் பொறுத்தவரை சராசரி அளவைக் காட்டிலும் இந்தக் கால நீட்சியும் அடுக்கின் உயரமுமே வாழ்வாதாரத்தைத் தீர்மானிக்கின்றன.

முடிவுரை

அரபிக்கடலின் உயிர்வளிக் குறைவு தொன்மையானது என்பதை வண்டலும், பருவந்தோறும் அது கண்டத்திட்டை எட்டுவது புதிதன்று என்பதை 1950-களின் ஆய்வுகளும் நிறுவுகின்றன. அண்மைக்கால இழப்பு ஓமன் வளைகுடா போன்ற பகுதிகளில் வலுவாகப் புலப்படுகிறது. நடுக்கடலில் கலவையாகவும், இந்தியக் கண்டத்திட்டில் விவாதத்துக்குரியதாகவும் உள்ளது. இவ்வேறுபாட்டுக்குக் கடலின் இயல்பு ஒரு காரணம். சான்றுகளின் சமமின்மை மற்றொரு காரணம்.

எனவே பழைய கப்பற்குறிப்பேடுகளும், ஆய்வகப் பதிவேடுகளும், மீன்பிடிப் பயண அறிக்கைகளும் பாதுகாக்கப்பட வேண்டியவை. எண்ணை மட்டும் மின்னாக்கம் செய்து, அது எம்முறையில் பெறப்பட்டது என்னும் குறிப்பைக் கைவிட்டால் அவ்வெண் சான்றாகும் தகுதியை இழக்கிறது. கடலியலாளரோடு வரலாற்றாய்வாளரும் ஆவணக் காப்பாளரும் இணைந்து செய்யவேண்டிய பணி இது. மண்டபத்திலும் கொச்சியிலும் கோவாவிலும் பதிவான பழைய அளவீடுகளை மீண்டும் ஒருமுறை எடுக்க எவராலும் இயலாது. 1959-இன் கடலுக்குத் திரும்பிச்செல்ல வேறு வழி இல்லையாதலின், எஞ்சியுள்ள அப்பதிவேடுகளைக் காப்பது அக்கடலின் இழப்பை அறிவதற்கு இன்றியமையாதது.